மீதி என்கிற ஆட்டக்காரர்

எங்கள் பள்ளியில் நான் டிஜிட்டல் ஒருங்கிணைப்பாளர் ஆனது திறமையால் அல்ல. ஒருநாள் கூட்ட அறையில் ப்ரொஜெக்டர் எரியாமல் முரண்டு பிடித்தது. எல்லோரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் போய் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். எரிந்தது. பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பதவி உருவாகிக்கொண்டிருந்ததை அப்போதே கவனித்திருக்க வேண்டும். மறுவாரம் சுற்றறிக்கை வந்துவிட்டது. சம்பளம் ஏறவில்லை, பெயர்ப்பலகை மட்டும் நீண்டது.

மற்றபடி நான் புவியியல் வாத்தியார். நான் வகுப்புக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்பாகவே என் வயிறு நுழைந்துவிடும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் உருண்டை. மேசைமேல் இருக்கும் பூகோள உருண்டையைத்தான் சொல்கிறார்கள் என்று முதல் வருடம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

பதவி வந்த பிறகு அதற்கு ஏதாவது செய்து காட்ட வேண்டுமே என்று ஒரு வினாடி வினாச் செயலியைப் பிடித்தேன். பாடம் முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடம் ஆட்டம். பெரிய திரையில் கேள்வி வரும். அதன் கீழே நான்கு விடைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறக் கட்டத்துக்குள். பிள்ளைகளின் கையில் பள்ளி கொடுத்த டேப்லெட் இருக்கும். அதில் கேள்வியும் வராது, விடையும் வராது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று வெறும் நான்கு கட்டங்கள். திரையைப் பார்த்து, சரியான விடை எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிறத்தைத் தொட வேண்டும். சீக்கிரம் தொட்டால் கூடுதல் புள்ளி. பின்னணியில் திருடன் ஓடுவது மாதிரி ஓர் இசை. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசை.

உள்ளே நுழைய ஓர் எண். அதைத் தட்டிவிட்டுப் பட்டப்பெயர் கொடுத்துக்கொள்ளலாம். உண்மைப் பெயர் போட்டால் தோற்பவர்களுக்கு வெட்கமாக இருக்குமே என்று நான்தான் அனுமதித்தேன். ‘பின்பெஞ்ச் புயல்’, ‘சாப்பாட்டு மணி’, ‘தூக்கம் வருது’, ‘உருண்டை ரசிகர் மன்றம்’ என்று வந்து குவிந்தார்கள். கடைசியாகச் சொன்ன பெயரை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சத்தம் என்றால் சத்தம். என் வகுப்பறைக்கும் ஆசிரியர் ஓய்வறைக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு ஆயுசு சொல்வார்கள்.

அந்தப் பக்கம் அந்த நேரத்தில் எப்போதும் உட்கார்ந்திருப்பவர் கணக்கு மேடம். அவருக்கு அது ஓய்வு வேளை. பத்தாம் வகுப்புக் கணக்கு பல வருடமாக அவருடையது. பள்ளி தரும் சாக்பீஸ் நடுவில் உடைந்துவிடும் என்று கைப்பையில் சொந்தச் சாக்பீஸ் வைத்திருப்பார். விடை சரியாக இருந்தால் மட்டும் அவரிடம் மதிப்பெண் வாங்க முடியாது. “வழிமுறை எங்க?” என்பார். நான் இரண்டு கிலோ இளைத்துவிட்டேன் என்று ஒருமுறை ஓய்வறையில் பெருமையாகச் சொன்னபோதும் அதையேதான் கேட்டார். என்னிடம் வழிமுறை இல்லை. எடைக் கருவிதான் பழுது.

“என்ன சார், இன்னிக்கும் திருவிழாவா?” என்று கேட்பார் நான் வியர்த்துப்போய் வந்து உட்கார்ந்ததும்.

“மறுபார்வை மேடம். பசங்க எவ்வளவு ஆர்வமா இருக்காங்க தெரியுமா?”

“நாலு டப்பாவுல ஒண்ணைத் தொடுறதுக்குப் பேரு மறுபார்வையா? அது பரீட்சை இல்ல சார், குலுக்கல். கண்ணை மூடிட்டுத் தொட்டாலும் நாலுல ஒண்ணு விழும்.”

“கேள்வியப் படிச்சுட்டுத்தானே மேடம் தொடுறாங்க?”

“என்னத்தப் படிக்கிறாங்களோ,” என்று சொல்லிவிட்டு விடைத்தாளைத் திருப்புவார். அவர் பேச்சை முடித்துவிட்டார் என்பதற்கு அது அடையாளம். பழைய ஆட்கள் புதியதைக் கண்டால் சொல்வதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். இத்தனைக்கும் அவருக்கும் எனக்கும் ஒரே வயதுதான். ‘பழைய ஆட்கள்’ என்று நினைக்கும்போது என்னை எப்படியோ வரிசையிலிருந்து நகர்த்திவிட்டிருந்தேன்.

ஆட்டம் தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் ‘மீதி’யைக் கவனித்தேன்.

மீதி என்று ஒரு பெயர். ஒரு நாள் தவறாமல் வரும். ஒரு நாள் தவறாமல் கடைசியில் நிற்கும். மற்ற மட்டமான ஆட்டக்காரர்கள் இரண்டு கேள்வி போனதும் சலித்து விட்டுவிடுவார்கள். மீதி விடாது. ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் முடியப்போகும் தறுவாயில் ஒரு நிறத்தைத் தொடும். பெரும்பாலும் தப்பு.

“யாருப்பா மீதி?” என்று கேட்டேன்.

வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வகுப்புத் தலைவி எழுந்தாள். காலையில் பிரின்சிபால் அறையில் நடப்பது மதியத்துக்குள் அவள் வாய் வழியாகப் பள்ளி முழுக்கப் போய்விடும் என்பதால் அவளுக்கு வானொலி என்று பெயர்.

“எங்கள்ல யாரும் இல்ல சார்.”

“அப்புறம் ஆவியா?”

“வெட்கப்பட்டுச் சொல்லாம இருக்கலாம் சார். பாவம், விட்டுடுங்க.”

வந்திருக்கும் பிள்ளைகளைவிட ஆட்டக்காரர்கள் ஒருவர் கூடுதலாக இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். எண்ணுவது என் பாடம் அல்ல என்று இருந்துவிட்டேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. தினமும் தோற்பதற்காகவே வந்து உட்காரும் ஒரு குழந்தை. அதற்காகக் கேள்விகளைக் கொஞ்சம் எளிதாக்கினேன். நேரத்தை இரட்டிப்பாக்கினேன். அப்படியும் மீதி கடைசிதான். செயலியில் ஒரு வசதி உண்டு. ஆட்டம் முடிந்ததும் எந்த ஆட்டக்காரருக்கும் தனியாக ஒரு வரி அனுப்பலாம். அனுப்பினேன்: ‘மெதுவா வா. யாரும் துரத்தல.’

பதில் வராது, அதற்கு வசதி இல்லை. மறுநாளும் மீதி வந்தது. அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் பிரின்சிபால் கூப்பிட்டார். அடுத்த பருவத்திலிருந்து எல்லா வகுப்புக்கும் மறுபார்வையும் சிறு தேர்வும் இணையத்தில்தான் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டதாம். “யாரெல்லாம் தயார், யாரெல்லாம் தயாரில்லன்னு நீங்க ஒரு பட்டியல் கொடுத்துடுங்க சார். நீங்கதானே ஒருங்கிணைப்பாளர்?”

“தயாரில்லாதவங்க என்ன ஆவாங்க சார்?”

“ஒண்ணும் ஆக மாட்டாங்க. சின்ன வகுப்புக்குப் போவாங்க. இல்லன்னா கால அட்டவணை, வருகைப் பதிவு, அந்த மாதிரி வேலை. பத்தாம் வகுப்புக்கு மட்டும் சமரசம் கிடையாது. கணக்குக்குப் புதுசா ஒரு பையன் விண்ணப்பிச்சிருக்கார். கம்ப்யூட்டர்லயே பிறந்தவர் மாதிரி இருக்கார்.”

ஒரு தட்டு தட்டியதற்கு இவ்வளவு தண்டனையா என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

கணக்கு மேடத்திடம் மறைக்க முடியவில்லை. மறைத்திருந்தாலும் வானொலி சொல்லியிருப்பாள்.

“என் பேருக்கு நேரா என்ன எழுதப் போறீங்க?” என்று அவரே கேட்டார்.

“நான் வேணும்னா ஒரு நாள் உக்காந்து சொல்லித் தரட்டுமா மேடம்? ஒண்ணும் பெரிய விஷயமில்ல.”

கடைசி மூன்று வார்த்தைகளைச் சொல்லியிருக்கக் கூடாது. தனக்குக் கஷ்டமாக இருப்பதை இன்னொருவர் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றால் யாருக்குத்தான் வலிக்காது? அவர் சாக்பீஸ் பெட்டியை மூடினார்.

“வேண்டாம் சார். பொய்யும் எழுத வேண்டாம். தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க.”

சொன்ன குரல் சரியாகத்தான் இருந்தது. பெட்டியை மூடிய கைதான், மூடிய பிறகும் அதன்மேலேயே இருந்தது. பத்தாம் வகுப்பு போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். எங்களைப் போன்றவர்கள் வேலைக்குப் போகிறோம். அவர் பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்.

பட்டியலை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கெடு மாத முடிவு.

அடுத்த வாரம் ஆட்டத்தின் நடுவே என் லேப்டாப் உயிரை விடப் பார்த்தது. சார்ஜர் ஓய்வறையில். திரையில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, மீதிக்காக நீட்டிய நேரம்தான் இருக்கிறதே என்று வெளியே ஓடினேன். என் ஓட்டம் மற்றவர்களின் நடை.

ஓய்வறையில் கணக்கு மேடம் மட்டும் இருந்தார். எதிரே விடைத்தாள் கட்டு. தடுப்பு வழியாக அந்தத் திருடன் ஓடும் இசை கேட்டுக்கொண்டிருந்தது, வழக்கம்போல. ஆனால் அதே இசை, அரை நொடி பிந்தி, இன்னோர் இடத்திலிருந்தும் வந்தது. விடைத்தாள் கட்டுக்கு அடியிலிருந்து.

நான் நின்றேன். மேடம் விடைத்தாள்கள்மேல் முழங்கையை வைத்து அழுத்தினார். இசை கொஞ்சம் மூச்சுத்திணறி ஓடிற்று.

“ஏதோ விளம்பரம்,” என்றார்.

“ஆமா மேடம். தொல்லைதான் இந்த விளம்பரம்,” என்றேன்.

சார்ஜரைப் பிடுங்கும்போது பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். கண் கேட்கவில்லை. தாள்களின் ஓரத்தில் ஒரு கைபேசி மூலை. அதில் பாதிச் சிவப்பு, பாதி மஞ்சள்.

வகுப்புக்குத் திரும்பி வாசலில் நின்றேன். திரையில் கேள்வி, நான்கு விடைகள், நான்கு நிறங்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் வெறும் நான்கு நிறக் கட்டங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரும் எண்ணை நான் தினமும் ஊருக்கே கேட்கும்படி கத்துகிறேன், அது அவருக்குக் கேட்டிருக்கும். கேள்வியை வாசிக்கிறேன், அதுவும் கேட்டிருக்கும். விடைகளை மட்டும் “இதோ இருக்கு, பாருங்க” என்று திரையைக் காட்டிவிட்டு விட்டுவிடுவேன். எந்த விடை எந்த நிறம் என்பது அவருக்குத் தெரியவே வழியில்லை. அப்படி ஒரு திரை இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. கைபேசியில் தெரிவதுதான் முழு ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு, தினமும் வந்து, தினமும் ஏதோ ஒரு நிறத்தைத் தொட்டு, தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

குலுக்கல் என்று அவர் சொன்னது கேலி இல்லை. அவருக்கு அது குலுக்கலேதான்.

யாரோ என் முதுகில் தட்டி என்னை எரியவைத்த மாதிரி இருந்தது.

“சார், சார்ஜர்,” என்றாள் வானொலி. லேப்டாப் அதற்குள் அணைந்துவிட்டிருந்தது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கண் மருத்துவமனையில் பார்வை அளக்கிறவள். எதிர்ச்சுவரில் எழுத்துகளைக் காட்டி வாசிக்கச் சொல்லி, கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலை.

“எனக்குக் கண்ணு தெரியலன்னு வந்து உக்கார்றவங்க கம்மிங்க,” என்றாள் துணி மடித்துக்கொண்டே. “விளக்கு மங்கல், எழுத்து சின்னது, இப்பல்லாம் அச்சே சரியில்லன்னுதான் சொல்வாங்க. அவங்க சொல்றதையும் முழுசாத் தள்ள முடியாது. நாங்க முதல்ல விளக்கைத்தான் சரிபார்ப்போம்.”

“அப்போ நான் என்ன பண்ணட்டும்? போய்ச் சொல்லிடட்டுமா?”

“என்னன்னு? நீங்கதான் கடைசி ஆளுன்னு எனக்குத் தெரியும் மேடம்னா?” ஒரு சட்டையை என்மேல் போட்டாள். “விளக்கைச் சரிபண்ணுங்க. உங்களுக்குத்தான் ஊருக்குக் கேக்குற மாதிரி தொண்டை இருக்கே.”

மறுநாளிலிருந்து விடைகளையும் வாசிக்கத் தொடங்கினேன். சும்மா வாசிக்கவில்லை. தடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, ஏலம் விடுகிறவன் மாதிரி கத்தினேன்.

“சிவப்பு, எரிமலை. நீலம், பனிப்பாறை. மஞ்சள், காற்று அரிப்பு. பச்சை, ஆற்று வண்டல். மறுபடியும் சொல்றேன், சிவப்பு...”

“சார், எங்களுக்குத் தெரியுது சார்,” என்றது முன்வரிசை.

“தெரியாதவங்களுக்கு.”

“சுவருக்கா சார்?”

“சுவருக்கும் காது உண்டுன்னு கேள்விப்பட்டதில்ல?”

அன்றைக்கு மீதி ஐந்து கேள்விக்குச் சரியாகத் தொட்டது. மறுநாள் ஏழு. கணக்கு மேடத்துக்குப் புவியியல் என்னைவிட நன்றாகவே தெரியும்போல. “உங்க குரல் இப்போ கொஞ்சம் தெளிவா இருக்கு” என்று மட்டும் ஒருநாள் ஓய்வறையில் விடைத்தாளைப் பார்த்துச் சொன்னார்.

இன்னொன்று நடந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. மீதியோடு சேர்ந்து ‘சாப்பாட்டு மணி’யும் ஏறத் தொடங்கியது. கடைசிக்கு முந்திய இடத்திலேயே குடியிருந்த பையன், திடீரென்று நடுவில். வகுப்பு முடிந்ததும் அவனைப் பிடித்தேன்.

“என்னடா, ராத்திரி பகலா படிக்கிறியா?”

“இல்ல சார். நீங்க இப்பல்லாம் வாயால சொல்றீங்கல்ல. நான் திரையில படிச்சு முடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சுடும் சார். எழுத்து எனக்கு மெதுவாத்தான் வரும். காதுல விழுந்தா உடனே புரியும்.”

“இதை ஏண்டா முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கல சார்.”

அவன் குற்றம் சாட்டவில்லை. மழை பெய்யவில்லை என்பது போல ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு ஓடிப்போனான். அத்தனை வாரமாக அவனுடைய புவியியலை அளக்கிறேன் என்று அவன் வாசிக்கும் வேகத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். மேடத்தின் விஷயத்தில் தடுப்பு பலகையால் செய்தது. இவன் விஷயத்தில் தடுப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்று எப்படி நினைத்தேன்? கேட்டால், நான் டிஜிட்டல் ஒருங்கிணைப்பாளர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு வாயே கெட்டுப்போனது. அந்த வாரக் கடைசியில் தொண்டை கட்டி, குரல் முழுசாகப் போய்விட்டது. “வாயை மூடுங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன்” என்று மனைவி சுடுநீர் வைத்துத் தந்தாள். “இப்பத்தான் கேட்டிருக்கீங்க.”

காலையில் ஓய்வறைக்குப் போய்க் கணக்கு மேடத்தின் முன் நின்று கிசுகிசுத்தேன். “மேடம், இன்னிக்கு ஒரு பீரியட் மட்டும் நீங்கதான் எனக்கு வாய்.”

“ஏன், உங்க மெஷின் பேசாதா?”

“அதுக்கு நம்ம விரல் போதும் மேடம். வாய் கிடையாது.”

திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் வகுப்பு இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வகுப்பு அவரைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்றார். நான் முதல் கேள்வியைப் போட்டேன். இசை தொடங்கியது. அவர் பழக்கத்தில் முன்வரிசை டேப்லெட்டைக் குனிந்து பார்த்தார். நான்கு நிறக் கட்டங்கள். பிள்ளைகள் எல்லோரும் தனக்குப் பின்னால் எதையோ பார்ப்பதைக் கண்டு திரும்பினார்.

திரையைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு வயரைச் சரிபண்ணும் அவசர வேலை வந்துவிட்டது.

“இது,” என்றார் மெதுவாக, “தினமும் இங்கதான் வருமா?”

“எது மேடம்?” என்றாள் வானொலி.

“கேள்வி. விடை. எல்லாம்.”

“ஆமா மேடம். இதுல வராம வேற எதுல வரும்?”

பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் கோபப்படவில்லை. மனக்கணக்குப் போடும்போது கண்ணை மூடுவாரே, அப்படி ஒரு கணம் மூடித் திறந்தார். வாரக்கணக்காகத் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்ததைத் திரும்பக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

“சரி. அப்போ குலுக்கல் இல்ல,” என்றார் தனக்குள்ளேயே. பிறகு நிமிர்ந்து கேள்வியை வாசித்தார்.

“நமக்குக் கிழக்கே ரொம்ப தூரத்துல ஒரு ஊர். அங்க கடிகாரம் நம்ம கடிகாரத்தை விட முன்னால ஓடுமா, பின்னால ஓடுமா? சிவப்பு, பின்னால. நீலம், முன்னால. மஞ்சள், ரெண்டும் ஒண்ணு. பச்சை, சொல்ல முடியாது.”

தொட்டார்கள். பாதி வகுப்பு சிவப்பு, பாதி வகுப்பு நீலம் என்று திரையில் இரண்டு கம்பங்கள் எழுந்தன. சரி நீலம். வழக்கப்படி அடுத்த பொத்தானை அழுத்தி வரிசையைக் காட்டக் கையை நீட்டினேன்.

“இருங்க சார், எங்க ஓடுறீங்க?” என்றார். “சிவப்பு தொட்டவங்க எழுந்திரிங்க. திட்ட மாட்டேன். ஏன் தொட்டீங்க? வழிமுறை சொல்லுங்க.”

ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “கிழக்குல சூரியன் முதல்ல வந்துடும் மேடம். வந்துட்டுப் போயிடும். அப்போ அவங்க நேரம் முடிஞ்சுபோச்சுல்ல. அதான் பின்னாலன்னு...”

“முதல் வரி சரி,” என்றார் மேடம். “ரெண்டாவது வரியில வழுக்கிட்டே. முடிஞ்சுபோச்சுன்னா அவங்க தாண்டிப் போயிட்டாங்கன்னுதானே? தாண்டிப் போனவங்க முன்னால இருப்பாங்களா, பின்னால இருப்பாங்களா?”

“ஓ,” என்றாள் அவள். சிவப்புத் தொட்ட பாதி வகுப்பும் சேர்ந்து ‘ஓ’ என்றது.

இதே கேள்வியை நான் வகுப்புக்கு வகுப்பு போடுகிறேன். வகுப்புக்கு வகுப்பு பாதிப் பேர் சிவப்பு. ‘ஐம்பது விழுக்காடு’ என்று செயலி சொல்லும், நானும் அதை அறிக்கையில் அழகாக ஏற்றுவேன். எங்கே வழுக்குகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த பொத்தான் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

அன்றைக்கு மூன்று கேள்விக்குமேல் போகவில்லை. மணி அடித்தபோதும் யாரும் எழவில்லை. அப்போதுதான் வானொலிக்கு ஞாபகம் வந்தது.

“சார், மீதி இன்னிக்கு வரல சார்.”

நான் விட்டத்தைப் பார்த்தேன். கணக்கு மேடம் கையிலிருந்த சாக்பீஸைப் பெட்டியில் வைத்து மூடினார்.

“வந்திருக்கும்,” என்றார். “பேரு போடாம நின்னிருக்கும்.”

ஓய்வறைக்கு வந்து பெட்டியைக் கைப்பையில் வைத்துவிட்டு, “யாரும் துரத்தலன்னு எழுதினது நீங்கதானா?” என்றார்.

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

“நல்லது. அப்படியே இருங்க.” கொஞ்சம் கழித்து, “அதைப் படிச்சுட்டுத்தான் மறுநாளும் வந்தேன்” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு என் லேப்டாப் முன் உட்கார்ந்தார். “பட்டியல்ல இப்போ ஒண்ணும் எழுதாதீங்க. பத்தாம் வகுப்புக்கு நானே ஒரு ஆட்டம் போடுறேன். பிரின்சிபாலைக் கூப்பிடுங்க. விழுந்தா, விழுந்தேன்னே எழுதுங்க. இந்தப் பொத்தான் எதுக்கு?”

“வேகத்துக்குப் புள்ளி,” என்று கிசுகிசுத்தேன்.

“இதை நிறுத்த முடியுமா?”

“முடியும்.”

“ஆரம்பத்துலேருந்தே முடியுமா?”

“முடியும்.”

“அப்புறம் ஏன் நிறுத்தல?”

என் தொண்டை மறுபடி மோசமாகிவிட்டது.

வகுப்பறைகளில் ப்ரொஜெக்டர் இருப்பது என்னுடையதில் மட்டும்தான். அதனால் மறுநாளே பத்தாம் வகுப்பு அங்கே வந்தது. பிரின்சிபால் கையில் ஒரு டேப்லெட்டோடு கடைசிப் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார். நானும் உள்ளே இருக்க வேண்டியவன். படபடப்புத் தாங்காமல் ஓய்வறைக்கு வந்து, மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். என் குரலுக்கு இருக்கும் மரியாதை அவர் குரலுக்கும் அந்தப் பலகை கொடுத்தது. எல்லாம் கேட்டது. உள்ளே நுழையும் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். கை சும்மா இருக்கவில்லை. கைபேசியை எடுத்துத் தட்டினேன். பெயர் கேட்டது. அவசரத்தில் ‘உருண்டை’ என்று போட்டேன். அந்தப் பெயர் ஆசிரியர்களுக்குத் தெரியாது என்பது என் நம்பிக்கை.

அவர் கேள்வியை வாசித்தார். பிறகு, தடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்க வேண்டும், குரல் நேராக என்னிடம் வந்தது. “சிவப்பு, கூட்டல் மூன்று. நீலம், கழித்தல் மூன்று...”

முதல் கேள்விக்குத் தப்பாகத் தொட்டேன். இரண்டாவதற்கும். நடுவில் ஒருமுறை செயலி மாட்டிக்கொண்டு இசை மட்டும் சுற்றிச் சுற்றி ஓடியது. உள்ளே போகலாமா என்று பாதி எழுந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஏதோ ஒன்றின் முதுகில் கை விழுந்த சத்தம். இசை நின்றது, ஆட்டம் நகர்ந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

“கடைசிப் பெஞ்ச்,” என்றது மேடத்தின் குரல். “சிவப்பு தொட்டவங்க எழுந்திரிங்க. வழிமுறை சொல்லுங்க.”

பெஞ்சு கிறீச்சிட்டது. அதன் பிறகு வகுப்பு முழுக்க அடக்கிக்கொண்ட சிரிப்பு. பிறகு பிரின்சிபாலின் தொண்டைச் செருமல். “அது வந்து... இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது...”

“கொண்டுபோனீங்க. குறியை மாத்தினீங்களா?”

“ஓ,” என்றார் பிரின்சிபால்.

மணி அடித்து அவர் வெளியே வந்தபோது நடைபாதையில் காத்திருந்தேன். முகத்தில் தோற்றவரின் கடுப்பு இல்லை. “படிக்கிற காலத்துல அந்தக் குறி ஏன் மாறுதுன்னு எனக்கு யாரும் சொல்லவே இல்ல சார்,” என்றார். “மாத்துன்னாங்க, மாத்தினேன்.” இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். “பத்தாவது அவங்ககிட்டயே இருக்கட்டும். விண்ணப்பிச்ச அந்தப் புதுப் பையனை நீங்க சொல்ற மாதிரி சின்ன வகுப்புக்குப் பார்ப்போம்.”

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. குரல் இல்லாதவன் சொன்னதாக யார் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்வறைக்குத் திரும்பினேன். என் கைபேசி மேசைமேல் கிடந்தது. மேடம் வரிசையையே நிறுத்திவைத்திருந்ததால், நான் எத்தனையாவது இடம் என்று அதில் இல்லை. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. ஒரே ஒரு விடைதான் சரி, அதுவும் விரல் வழுக்கி விழுந்தது. திரையின் நடுவில் மட்டும் ஒரு வரி வந்திருந்தது.

‘மெதுவா வாங்க சார். யாரும் துரத்தல. நாளைக்கு வழிமுறையோட வாங்க.’

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் திரையை அணைக்கும் சத்தம் கேட்டது. நான் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முதல் கேள்வியை எழுதிப் பார்த்தேன். குறியை எங்கே மாற்றாமல் விட்டேன் என்று தேட வேண்டும்.